குற்றம் உணராத கேணல்

கித்துல்கலையில் களனி கங்கைக் கரைக்கு இறங்கினால் பழைய அத்திவாரங்கள் சில இன்றும் தெரியும். 1957இல் வெளியான ‘குவாய் நதிப் பாலம்’ திரைப்படத்துக்காக டேவிட் லீன் இங்கேதான் மரப்பாலம் ஒன்றைக் கட்டி, ரயிலோடு சேர்த்துத் தகர்த்தார். வெளியூரிலிருந்து வருவோரிடம் இதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அந்தப் படத்துக்கு மூலமான நாவலை நம்மில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூல் அதை எழுதியது 1952இல்.

கதை இதுதான். ஜப்பானியரிடம் கைதியான பிரித்தானியக் கேணல் நிக்கல்சன், அதிகாரிகள் கூலி வேலை செய்யக்கூடாது என்ற சட்டத்துக்காகச் சித்திரவதையையும் தாங்குகிறார். வெல்கிறார். வென்ற பிறகு, தன் வீரர்களின் ஒழுங்கையும் திறமையையும் காட்டுவதற்காக எதிரிக்கு மிகச் சிறந்த பாலத்தைக் கட்டிக் கொடுக்கிறார். வேலை முடிய நாள் போதாதபோது நோயாளிகளையும் எழுப்பி அனுப்புகிறார். துரோகம் என்றால் காசுக்காகவோ பயத்தினாலோ செய்வது என்றே நினைத்திருப்போம். இந்த மனிதரோ கடமை என்ற பெயரில், தலை நிமிர்ந்து அதைச் செய்கிறார்.

படத்தின் முடிவில் நிக்கல்சனுக்குக் கண் திறக்கிறது. காயப்பட்டுச் சரியும்போது வெடியை இயக்கும் கைப்பிடியின் மேல் விழுகிறார்; பாலம் தகர்கிறது. தெரிந்து விழுந்தாரா, தவறி விழுந்தாரா என்பதை லீன் தெளிவாகக் காட்டவில்லை. நாவலில் இந்தக் காட்சியே இல்லை. தன் நாட்டு வீரனையே தடுத்துப் பாலத்தைக் காப்பாற்றியபடி அவர் சாகிறார். பாலம் நிற்கிறது.

நாவலின் முடிவே எனக்குச் சரியாகப் படுகிறது. படம் பார்ப்பவருக்கு ஆறுதல் தருகிறது. அந்த ஆறுதலை நிக்கல்சன் சம்பாதிக்கவில்லை. தவ்பா செய்பவர் முதலில் தன் செயலைப் பாவம் என்று அறிந்து வருந்த வேண்டும், அதை விட்டுவிட வேண்டும், பிறருடைய உரிமையைப் பறித்திருந்தால் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்று அஹதிய்யாவில் படித்திருக்கிறோம். முதற்படியிலேயே நின்றுவிட்ட மனிதரைத்தான் பூல் காட்டுகிறார்.

உரிமையைத் திருப்பிக் கொடுப்பது பற்றிச் சொன்னால், இந்தப் படத்துக்கே அப்படி ஒரு கதை உண்டு. திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கல் வில்சன் இருவரும் கம்யூனிசச் சந்தேகத்தால் ஹொலிவூட்டில் ஒதுக்கப்பட்டிருந்தனர். அதனால் ஒஸ்கார் விருது, அந்தத் திரைக்கதையை எழுதாத பூலின் பெயருக்குப் போனது. தவறு திருத்தப்பட்டு 1985இல் விருது வழங்கப்பட்டபோது இருவரும் உயிரோடு இல்லை. பெற்றுக்கொண்டவர்கள் அவர்களின் மனைவியர்.

இன்னொரு கணக்கு இன்னும் தீரவில்லை. உண்மையான சயாம் - பர்மா ரயில்பாதை 1942, 1943 ஆண்டுகளில் போடப்பட்டது. நீளம் ஏறத்தாழ 415 கிலோமீற்றர். அதில் இறந்த நேசநாட்டுக் கைதிகள் 12,000க்கு மேல். இறந்த ஆசியத் தொழிலாளர்களோ 90,000 அளவில் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெருந்தொகையினர் மலாயாவின் றப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள். போருக்கு முன் பூல் அதே மலாயாவில் றப்பர் தோட்டப் பொறியியலாளராக இருந்தவர். அப்படியிருந்தும் அவருடைய நாவலின் நடுவில் நிற்பவர்கள் பிரித்தானியக் கைதிகளே. லீனின் படத்திலும் அப்படித்தான். தேயிலையும் றப்பரும் சூழ்ந்த இந்த ஊரில் அந்தப் படம் எடுக்கப்பட்டது என்பதை நினைக்கும்போது இது இன்னும் உறுத்துகிறது.

அந்தத் தொழிலாளரைப் பற்றித் தமிழிலேயே நாவல் உண்டு: மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’. பூலின் நாவலைத் தேடிப் படிக்கும் சகோதரிகள் அதையும் சேர்த்தே தேடுங்கள்.