நம் பிள்ளைகளுக்கு ஒரு பந்து



பொங்கல் விழா வரவுசெலவு இம்மாதப் பொதுக்குழுவுக்கு வருகிறது. பந்தலுக்கும் மேடைக்கும் பணம் ஒதுக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, தண்டவாளத்தை ஒட்டிய குடியிருப்புகளில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு கால்பந்துக் குழு அமைக்கவும் பணம் ஒதுக்க வேண்டும். "பந்தை உதைத்தால் சோறு வருமா?" என்று கேட்கும் பெரியவர்கள், நாம் பிழைக்க வந்த இந்தக் கல்கத்தாவின் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கட்டும்.

1947இல் நாடு துண்டாடப்பட்டபின் கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கானோர் அகதிகளாக வந்தனர். சியால்தா நிலைய நடைமேடைகளிலேயே குடும்பம் நடத்தினர். பின்னர் ஜாதவ்பூர், விஜயகர் பக்கம் காலனிகளை எழுப்பினர். பேசியது வங்காளம்தான், ஆனாலும் இழுவையைக் கேட்டதும் 'பாங்கால்' என்ற ஏளனம்! பறிபோன மண்ணின் பெயரைத் தாங்கி நகரின் நடுவே நிமிர்ந்து நின்றது, 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகம். 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்று முறை அது ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. காலனிச் சிறுவன் தன் ஊர்ப்பெயரை வெட்கமின்றி உரக்கச் சொல்ல முடிந்தது.

அந்த முன்வரிசை ஐவர் யார்? வெங்கடேஷ், அப்பா ராவ், தனராஜ், அகமது கான், சாலே. 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடப்பட்ட அவர்களில் ஒருவர்கூட வங்காளி இல்லை. ஐவரும் தெற்கிலிருந்து வந்தவர்கள்! ஊரிழந்தோர் உயிராய் நேசித்த கழகம் அயலாருக்குக் கதவைச் சாத்தவில்லை.

ஆகவே 'தமிழர் அணி' என்று தனியாக ஒன்று கட்டுவதை நாம் ஏற்கவில்லை. கழக வெறி முற்றினால் என்னாகும் என்பதையும் இதே ஊர் பார்த்தது. 1980 ஆகஸ்ட் 16இல் ஈடன் தோட்டத்தில், ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானுடன் மோதிய ஆட்டத்தில் மூண்ட கலவரத்தில் 16 பேர் மாண்டனர். நம் குழுவில் பீகார்த் தொழிலாளியின் மகனும் பக்கத்துத் தெரு வங்காளிப் பையனும் சேரட்டும். பந்து கேட்கிறவன் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 'ஏ மதராசி' என்றால் எவன் திரும்புவான்? நம்மவர் நாலு பேர் இருப்பார்களே! ஒரே மாதத்தில் முருகன் முருகனாகிவிடுவான்.

பெண் பிள்ளைகளுக்கும் ஆட நேரம் ஒதுக்க வேண்டும். இதில் வாதமே வேண்டாம். சேர வரும் பிள்ளையிடம் ரேஷன் அட்டை கேட்கக் கூடாது.

செலவு பெரிதல்ல: நாலு பந்து, முப்பது பனியன், ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு முட்டை. மைதானம்தான் சிக்கல். குடியிருப்பை அடுத்த வெற்றிடத்தில் லாரிகள் நிற்கின்றன. ஞாயிறு காலையில் மட்டும் அதை விட்டுத்தரக் கேட்டு மனு தயாராக இருக்கிறது. பொதுக்குழுவுக்கு வருகிறவர்கள் அதில் கையெழுத்திட்டுவிட்டு உட்காருங்கள்.