கருவைத் தூண்டிவிட்டுக் காணாமல் போகும் அப்பா!

இட்லி, தோசை, வடை... உளுந்து இல்லாமல் நம் வீட்டு அடுப்படி நகராது. அந்த உளுந்துக்குப் பெரிய எதிரி, மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் இது. வந்துவிட்டால் இலை மஞ்சளாகிக் காய்ப்பு குறையும். போட்ட முதலே கைக்கு வராது.

புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் இருக்கும் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் இதற்கு ஒரு வழி கண்டது. வம்பன் 1 ரகத்தை, உளுந்தின் காட்டுச் சொந்தத்தோடு கலப்பு செய்தார்கள். நோயைத் தாங்கும் வம்பன் 6 ரகம் 2011-ல் வெளியானது.

ஆனால், கலப்பு செய்த கையோடு ரகம் கிடைத்துவிடாது. அடுத்த தலைமுறையில் ஒரு செடி நெட்டை, ஒரு செடி குட்டை என்று ஆளுக்கொரு குணத்தோடு வளரும். நல்லதைப் பொறுக்கிப் பொறுக்கி ஆறேழு தலைமுறை விதைத்தால்தான் சீரான விதை. வருடத்துக்கு இரண்டு போகம் எடுத்தாலும் காலம் ஓடிவிடும்.

இதைச் சுருக்க முடியுமா? முடியும் என்று 1970-ல் கனடாவில் காஷா, காவோ என்ற இருவர் பார்லியில் காட்டினார்கள். பார்லிப் பூவில், அதன் சொந்தக்காரக் காட்டு பார்லியின் மகரந்தத்தைத் தூவினார்கள். கரு உருவானது. ஆனால், சில நாள்களிலேயே அப்பா வழி குரோமோசோம்கள் மொத்தமும் காணாமல் போயின! மிஞ்சியவை அம்மாவின் 7 மட்டுமே. சாதாரண பார்லிக்கு 14 உண்டு.

இந்தப் பாதிக் கணக்குச் செடிதான் 'ஹாப்ளாய்டு'. கருவை எடுத்து ஆய்வகத்தில் வளர்ப்பார்கள். அப்படியே விட்டால் அது விதை வைக்காது. கோல்ச்சிசின் மருந்து கொடுத்தால் 7 இரட்டித்து 14 ஆகும். இரண்டு பாதியும் அச்சு அசல் ஒன்று என்பதால், அதன் விதைகள் எல்லாம் ஒரே குணம். இரண்டு நல்ல ரகங்களைக் கலந்த செடியை அம்மாவாக வைத்தால், புது ரகம் பல தலைமுறை முன்னதாகவே தயார்.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். வம்பனில் காட்டுச் சொந்தம் தன் குணத்தைக் கொடுத்தது. இங்கே அது கருவைத் தூண்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறது.

கோதுமையில் மக்காச்சோள மகரந்தம் இதே வேலையைச் செய்கிறது. பயறு வகைகளில்தான் ஹாப்ளாய்டு எடுப்பது இன்னும் எளிதாகக் கைகூடவில்லை. ஒரு ரகம் எத்தனை காலம் நோயைத் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. உளுந்துக்கும் இந்தக் குறுக்குவழி திறந்தால், அடுத்த ரகத்துக்காக விவசாயி காத்திருக்கும் வருடங்கள் குறையும்.