எடைக்குப் போட எங்கள் வாழ்க்கை பழைய பேப்பர் அல்ல

நான் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்கிறேன். சம்பளப் பட்டியலில் என் பெயருக்கு நேரே 'நூலக உதவியாளர், தொகுப்பூதியம்' என்றுதான் இருக்கிறது. ஆய்வுக் குழு வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, மாடிப்படிக்குக் கீழே இருந்த பீரோக்களைக் காலி செய்ய உத்தரவு வந்தது. "பழைய அட்மிஷன் பாரம்தானே மேடம், எடைக்குப் போட்டுடலாம்" என்றார்கள். எனக்குத் தெரிந்து நான் ஓடிவருவதற்குள் இரண்டு மூட்டை வண்டியில் ஏறிவிட்டது.

மீதியைத் தடுத்தேன். அவற்றில் என்ன இருந்தது என்று சொல்கிறேன்.

பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்களுக்கும் ஒரு தொழிற்பயிற்சி கிடைக்கட்டும் என்றுதான் 1995, 1996 ஆண்டுகளில் புதுச்சேரியிலும் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. எங்கள் விண்ணப்பப் படிவத்தில் 'படிப்பை நிறுத்திய காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பெண்கள் தங்கள் கையாலேயே எழுதியிருக்கிறார்கள்: வயசுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். தம்பியைப் படிக்க வைக்க வேண்டியிருந்தது. அம்மா வேலைக்குப் போனதால் குழந்தையைப் பார்த்துக்கொண்டேன். அநேகமாக, தன் வாழ்க்கையைப் பற்றி அந்தப் பெண் எழுதி ஒரு நிறுவனத்தில் கொடுத்த ஒரே தாள் அதுவாக இருக்கும். அதைத்தான் தராசில் வைத்தார்கள்.

அதே மாடிப்படிக்குக் கீழே நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகளும் இருந்தன. அடிக்கல் நாட்டு விழா ஆல்பமும், சிறப்பு விருந்தினர்களுக்கு மாலை போட்ட படங்களும் இருந்தன. அவற்றை எடைக்குப் போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இடம் இல்லை என்பது உண்மையானால் இடம் எல்லோருக்கும்தானே இல்லாமல் போக வேண்டும்? யாருடைய தாளுக்கு இடம் இல்லை என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

வை. மு. கோதைநாயகி 115 நாவல்கள் எழுதினார், 1925 முதல் 'ஜகன்மோகினி'யை நடத்தினார் என்று பெருமையோடு சொல்கிறோம். அவருடைய முதல் படைப்பை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். அந்தப் பட்டம்மாளைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? எழுதிய கைகளைப் பற்றிய தாள்களை யாரும் பத்திரப்படுத்தாவிட்டால் ஒரு வரிக்கு மேல் எப்படித் தெரியும்?

இதை உணர்ந்தவர்கள் முன்பே இருந்தார்கள். அமெரிக்காவில் வரலாற்றாசிரியர் மேரி பியர்ட் 1935இல் பெண்களுக்கென உலக ஆவண மையம் ஒன்றைத் தொடங்க முயன்றார். பணம் சேரவில்லை, 1940இல் மூடவேண்டி வந்தது. நம் எழுத்தாளர் அம்பை, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோரோடு சேர்ந்து 1988இல் மும்பையில் 'ஸ்பாரோ'வைத் தொடங்கினார். பெண்களின் வாய்மொழி வரலாறும் புகைப்படமும் கடிதமும் ஆவணங்கள்தாம் என்று அது செய்து காட்டியது. ஆனால் ஊருக்கு ஊர் இருக்கும் பீரோக்களை ஒரு ஸ்பாரோ மட்டும் காப்பாற்ற முடியாது.

"ஸ்கேன் பண்ணிட்டுப் போட்டுடலாமே?" என்று கேட்கிறார்கள். ஸ்கேன் செய்வதற்கு முன் தாள்களை வரிசைப்படுத்த வேண்டும். துருப்பிடித்த குண்டூசியைக் காகிதம் கிழியாமல் எடுக்க வேண்டும். எது எதோடு சேர்ந்து வந்தது என்ற பழைய ஒழுங்கைக் கலைக்காமல் எண் போட்டு விவரம் எழுத வேண்டும். விவரம் எழுதாத ஆயிரம் படங்கள் வெறும் குப்பை. அந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் திறக்காமல் போகும். கரையானும் ராமபாணமும் தின்றதற்கு மேல் அதுவும் தின்னும்.

இந்த வேலையைத்தான் "பொறுமையான வேலை, பெண்களுக்கு நல்லா வரும்" என்கிறார்கள். வீட்டில் பாத்திரம் அடுக்குவதைப் போல இதையும் அடுக்குவது என்று நினைப்பு. பொறுமை என்று பெயர் வைத்துவிட்டால் பயிற்சிக்கும் சம்பளம் தரவேண்டாம், பதவிக்கும் பெயர் தரவேண்டாம் அல்லவா? ஒரு புகைப்படத்தின் கீழே 'முதல்வர், மற்றும் ஊழியர்கள்' என்று எழுதுவதா, கடைசி வரிசையில் துடைப்பத்தோடு நிற்கும் அம்மாவின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து எழுதுவதா என்று முடிவு செய்வது பொறுமை அல்ல. அது அறிவு, அது நிலைப்பாடு.

இன்னொரு கேள்வி நியாயமானது. அந்தப் பெண்களின் துயரத்தை யாரோ படிக்க வைப்பது சரியா? காப்பது வேறு, திறந்து காட்டுவது வேறு. பெயரையும் முகவரியையும் மறைக்கலாம், இத்தனை ஆண்டுகள் மூடி வைக்கலாம், கேட்டால் அவரவருக்கே திருப்பித் தரலாம். இவற்றை முடிவு செய்யவும் ஆவணக் காப்பாளர் வேண்டும். அந்தரங்கம் என்று இப்போது கவலைப்படுகிறவர்கள், அதே தாளில் நாளை வேர்க்கடலை மடிக்கப்படுவதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கல்லூரிகளைக் கேட்கிறேன்: ஆவணக் காப்பாளருக்கு அந்தப் பெயரிலேயே பதவியும் முழுச் சம்பளமும் கொடுங்கள். ஈரம் ஏறாத ஓர் அறையைக் கொடுங்கள். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் வெளியே போகக் கூடாது என்று விதி எழுதுங்கள்.

மாணவிகளே, உங்கள் கல்லூரியில் பழைய விடுதிப் பதிவேடு எங்கே என்று போய்க் கேளுங்கள். ஒருவர் கேட்டால் விரட்டுவார்கள்; நாற்பது பேர் கேட்டால் சாவியைத் தேடுவார்கள். வீட்டில் அம்மாவின் கணக்கு நோட்டு இருந்தால் எடுத்து வையுங்கள். பழைய படங்களின் பின்னால் அத்தைகளின் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். 'இன்னாரின் மனைவி' என்று எழுதாதீர்கள். அவர்களுடைய சொந்தப் பெயரை எழுதுங்கள். அது தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

வண்டியில் ஏறிப்போன அந்த இரண்டு மூட்டைகளில் யார் யார் இருந்தார்கள் என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை.