கடைமடைக்கு வராத கல்வி

ஆற்றிலே வெள்ளம் கரைபுரளும், வாய்க்காலிலே நீர் சலசலத்தோடும், மதகு திறந்தேயிருக்கும். எனினும் கடைமடை உழவன் வானத்தை நோக்கி வாடி நிற்பான். ஏன்? மழை பொய்த்ததாலா? அல்ல! மேல்மடைக்காரன் வரப்பை உயர்த்தி வழியை அடைத்துவிட்டதால்! தண்ணீருக்கு நேரும் இந்தக் கதி கல்விக்கும் நேருவதுண்டு. நேர்ந்தது, தோழர்களே! "உழவனுக்கும் உயர்கல்வி" என்று உலகுக்கே பாடம் சொன்ன அமெரிக்க நாட்டிலே நேர்ந்தது!

1862ஆம் ஆண்டு. உள்நாட்டுப் போர் மூண்டிருந்த வேளை. மோரில் சட்டத்திலே கையொப்பமிட்டார் லிங்கன். காங்கிரசு உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கிலே மாநிலங்களுக்கு நிலம். அதை விற்ற பொருளில், உழவும் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகள். சீமான் வீட்டுச் செல்வர்கள் கிரேக்கமும் இலத்தீனும் ஓதிய காலத்திலே, ஏரும் எருவும் பாடங்களாயின. புரட்சிதான், மறுப்பாரில்லை. ஆனால் அந்த நிலம் எவருடையது? ஏறத்தாழ 250 பழங்குடி இனத்தாரிடமிருந்து பறித்த 1 கோடியே 7 லட்சம் ஏக்கர்! மண்ணை இழந்த அந்த மக்களின் கல்லூரிகளுக்கு இதே தகுதி கிட்டியது எப்போது? 1994இல்! 132 ஆண்டுகள் கழித்து!

1890இல் இரண்டாவது மோரில் சட்டம் வந்தது. நிறம் பார்த்து மாணவரை விலக்கலாகாது. விலக்கினால், கறுப்பின மக்களுக்குத் தனிக் கல்லூரி அமைத்து நிதியை நேர்மையாகப் பங்கிட வேண்டும் என்றது சட்டம். தென்மாநிலங்கள் எதைத் தேர்ந்தன? தனிக் கல்லூரியை! பந்தி வேறு, பதார்த்தம் ஒன்றுதான் என்று பசப்பினர். பந்தி பிரிந்தால் பரிமாறும் கை சுருங்கும் என்பதை நாம் அறியோமா?

ஆயினும் இருளிலே ஒரு விளக்கு எரிந்தது. அலபாமா மாநிலத்து டஸ்கீகி கல்விக்கூடம், அடிமையாய்ப் பிறந்த புக்கர் வாஷிங்டன் தலைமையில் 1881இல் தொடங்கியது. அங்கு 1896இல் ஆசிரியராய் வந்தார் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அவரும் அடிமைத் தாயின் வயிற்றிலே பிறந்தவர். கல்லூரிக்கு வர வழியற்ற உழவனிடம் கல்லூரியே போகட்டும் என்றனர். 1906இல் புறப்பட்டது ஒரு வண்டி! கலப்பையும் விதையும் வெண்ணெய் கடையும் கருவியும் ஏற்றிக்கொண்டு, சிற்றூர் சிற்றூராய்ச் சென்றது. அதனோடு சென்ற தாமஸ் கேம்பல், அரசு நியமித்த முதல் கறுப்பின வேளாண் விரிவாக்க அலுவலரானார்.

பருத்தியை ஓயாமல் பயிரிட்டு மண் மெலிந்து கிடந்தது. "விதி" என்று கூறி விம்மச் சொல்லவில்லை கார்வர். நிலக்கடலையை விதை, தட்டைப்பயற்றை விதை என்றார். அவற்றின் வேர் முடிச்சுகளிலே வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கும். மண் மீளும் என்று விளக்கினார். எழுத்தறியாதவனுக்கு அறிவியல் ஏறாது என்போர் இந்த வண்டியை எண்ணிப் பார்க்கட்டும்! எழுத்தறியாதவனும் வேரைக் காணக் கண்ணுடையவன். விளைச்சலை எண்ண விரலுடையவன்!

பிறகு, 1914இல் ஸ்மித்–லீவர் சட்டம். பல்கலைக்கழக அறிவை வயலுக்கும் வீட்டுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் கொண்டுசெல்ல நடுவண் நிதி. நல்ல ஏற்பாடு! ஆனால் இரு கல்லூரிகள் உள்ள மாநிலத்திலே நிதி எவரிடம் சேரும்? மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யும் என எழுதினர். கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்துவிட்ட தென்னாட்டுச் சட்டமன்றங்கள் முடிவு செய்தால் முடிவு என்னவாகும்? வெள்ளையர் கல்லூரிகளே நிதியை ஆண்டன! கறுப்பின அலுவலர்களும் இருந்தனர். வெள்ளை இயக்குநரின் கீழே, தனி அலுவலகத்திலே, தம் இனத்தார்க்கு மட்டும் பணியாற்ற! வண்டி கட்டியவன் கையிலே கடிவாளம் இல்லை! வேளாண் திட்டங்களிலே நிறப்பாகுபாடு மலிந்திருப்பதை 1965இல் அந்நாட்டுக் குடிமை உரிமைகள் ஆணையமே அறிக்கையாய் வெளியிட்டது.

1920இல் 9 லட்சத்து 25 ஆயிரம் கறுப்பின உழவர்கள் இருந்தனர். 1997இல் ஏறத்தாழ 18,500! இதற்கு விரிவாக்கப் பணியின் ஓரவஞ்சனை ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. பருத்திக் காய்வண்டும், எந்திர உழவும், நகர்நோக்கிய பெயர்ச்சியும், கடன் மறுப்பும் சேர்ந்தே அழித்தன. ஆனால், புயல் வீசும் வேளையிலே ஒருவனுக்குக் குடையும் மற்றொருவனுக்குக் கையும் விரித்த அரசைக் குற்றமற்றது எனலாமா?

"அதெல்லாம் பழங்கதை" என்பார் உளர். 1890 கல்லூரிகளின் விரிவாக்கப் பணிக்கு நிலையான நடுவண் நிதி 1977இல்தான் சட்டத்திலே இடம்பெற்றது. 2023இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரும் வேளாண் அமைச்சரும் 16 மாநில ஆளுநர்களுக்கு மடல் எழுதினர். அக்கல்லூரிகளுக்கு முப்பதாண்டுகளில் குறைத்துத் தந்த தொகை 1,200 கோடி டாலருக்கும் மேல் என்று! பழங்கதையா இது? வட்டியோடு வளர்ந்த கடன்!

எங்கோ நடந்ததை இங்கேன் பேச வேண்டும் என்கிறீர்களா? அந்த அச்சிலே வார்த்தவைதாம் இந்திய வேளாண் பல்கலைக்கழகங்கள். 1960இல் பந்த்நகர் எழுந்தது. 1971இல் கோவையிலே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் பொறுப்பிலே நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுவையிலே தோன்றியது. பெருமைதான்! அச்சைக் கொண்டவர் அதிலிருந்த பழுதையும் அறிந்திருக்க வேண்டாமா?

ஆகவே, இளைஞனே, கேள்! உன் ஊருக்குப் பயிற்சி வரும்போது கூட்டம் எந்தத் தெருவிலே கூடுகிறது? எவர் வீட்டுத் திண்ணையிலே அலுவலர் அமர்கிறார்? பட்டா வைத்திருப்பவனுக்கு மட்டுமா அழைப்பு? குத்தகைக்கு உழுபவனுக்கு உண்டா? சேற்றிலே நின்று நாற்று நடும் பெண்ணுக்கு உண்டா? எத்தனை கூட்டம் நடந்தது என்ற கணக்கை ஏட்டிலே காட்டுவார்கள். எவரை எட்டியது என்ற கணக்கை நீ கேள்! நிதி வழங்கும் அதிகாரத்திலே கடைமடைக்காரனுக்குப் பங்குண்டா என்று கேள்!

அறிவு பொதுச்சொத்து என்று மேடையிலே முழங்கினால் போதாது. மண்வெட்டியை எடு, அடைத்த வரப்பை வெட்டு! கடைமடை நனைந்தால்தான் பாசனம். கடையன் அறிந்தால்தான் கல்வி!