பின்பற்று, இல்லையேல் காரணம் சொல்

என் கடையின் மூலையில் ஒரு பழைய கணினி கிடக்கிறது. காயலான் கடைக்குப் போடச் சொல்லி மகன் பல வருடமாக நச்சரிக்கிறான், நான் போடவில்லை. அதன் முதுகில், பிரிண்டர் வயர் செருகும் இடத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பூட்டு. 'டாங்கிள்' என்பார்கள். அது மாட்டியிருந்தால்தான் அந்த மென்பொருளில் தமிழ் எழுத்து வரும். தாமலிலிருந்து பஸ் ஏறி காஞ்சிபுரம் வந்து டி.டி.பி. தொழில் தொடங்கிய நாளில், கணினிக்குக் கடன் வாங்கியது போதாதென்று இந்தப் பூட்டுக்கும் தனியாகக் கடன் வாங்கினேன்.

2002-ல் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உறுப்பினர் பட்டியல் அடித்துக் கொடுத்தேன். பெயர், தகப்பனார் பெயர், தெரு, பங்குத்தொகை. 400-க்கு மேல் பெயர்கள். சி.டி.யில் போட்டும் கொடுத்தேன். சில வருடங்களுக்கு முன் ஏதோ நலத்திட்டத்துக்கு அந்தப் பட்டியல் வேண்டும் என்று சி.டி.யோடு வந்தார்கள். புதுக் கணினியில் திறந்தால் பெயர்கள் இருந்த இடமெல்லாம் கிறுக்கல். பழைய கணினி அதற்குள் உயிரை விட்டிருந்தது. புதியதில் பூட்டைச் செருக ஓட்டையே இல்லை. மென்பொருள் விற்றவர்களின் நம்பருக்குப் போன் செய்தால் வேறு யாரோ எடுத்தார்கள்.

சங்கத்தில் இருந்த மங்கலான பிரிண்ட் ஒன்றை வைத்து நான்கு நாள் மறுபடி அடித்தேன். அதில் ஒரு கன்னியப்பன் கண்ணியப்பன் ஆகிவிட்டார். தப்பு என்னுடையதுதான். ரேஷன் அட்டையில் ஒரு பெயர், பட்டியலில் ஒரு பெயர் என்று அந்தப் பெரியவர் மூன்று முறை அலைந்தார். ஒவ்வொரு முறையும் என் கடை வாசலில் நின்று, "உம் மேல ஒண்ணும் கொறயில்லம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

என் அப்பா தாமலில் தறி நெய்தவர். அவருடைய ஜக்கார்டு பெட்டிக்கு 240 கொக்கி. பிள்ளையார்பாளையத்தில் அட்டை அடிப்பவரிடம் டிசைனைக் கொடுத்தால் துளை போட்டுக் கோத்துத் தருவார். சைக்கிளில் கட்டி எடுத்து வந்து பெட்டியில் ஏற்றினால் முந்தானையில் மாங்காய் விழும், மயில் விழும். பெட்டியைச் செய்த ஆசாரி யார் என்று அட்டைக்காரர் கேட்டதே இல்லை. 240 என்று சொன்னால் போதும். அட்டை நைந்து போனால் அதையே காட்டி வேறு ஒருவரிடம் புதிதாக அடித்துக்கொள்ளலாம். நான் கடன் வாங்கிய மென்பொருளில் அது நடக்காது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற கணக்கை அந்த நிறுவனம் யாருக்கும் சொல்லவில்லை.

அந்தக் கணக்கு வெளியில் தெரிந்திருந்தால் எவ்வளவு சுலபம் என்பதற்குப் பாமினி ஒரு சாட்சி. இலங்கைத் தமிழர்கள் அதிகம் பயன்படுத்திய எழுத்துரு. அதில் எங்கள் ஊர்ப் பெயரை அடித்துவிட்டு எழுத்துருவை மாற்றினால் தாமல் போய், ஆங்கிலத்தில் ஜே, எச், கே, ஒய், கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். ஆனால் எது எதற்குச் சமம் என்பது ஊரறிந்த விஷயம். ஜெர்மனியில் இருந்த சுரதா யாழ்வாணன் 'பொங்குதமிழ்' என்ற மாற்றியை எழுதி இணையத்தில் சும்மாவே கொடுத்தார். பாமினியில் அடித்த கோப்பு எத்தனை பக்கமாக இருந்தாலும், ஒரு டீ குடிப்பதற்குள், எல்லா மொழிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாறிவிடும்.

பொதுத் தரம் வேண்டும் என்று அரசுக்கு அப்போது தோன்றாமல் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்இணையம் 99' மாநாடு நடத்தி டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே வெளிநாட்டுத் தமிழர்கள் இணையம் வழியே கூடிப் பேசி உருவாக்கிய திஸ்கி இருந்தது. 1991-லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. கடைசியில் 2010 ஜூன் 23 அன்று, கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய அதே நாளில், யூனிகோடுதான் தரம், அது முடியாத இடத்தில் டேஸ்16 என்ற குறியீடு என்று தமிழக அரசு ஆணை போட்டது. அந்த நவம்பரில் மத்திய அரசும் மின் ஆளுமைக்குத் திறந்த தரங்கள்தான் என்று கொள்கை வெளியிட்டது.

யூனிகோடில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணாமல் அகரமேறிய மெய்யையும் குறியையும் தனித்தனியாக வைக்கிறது என்று தமிழறிஞர்கள் சண்டை போட்டார்கள். அதில் நியாயம் உண்டு. எனக்குக் கோயில் நோட்டீஸ் அடிக்கும்போது வேறு தொல்லை. 'ஸ்ரீ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம், பார்வைக்கு இரண்டும் ஒன்றே. எங்கள் ஊர் தாமோதரப் பெருமாள் கோயில் நோட்டீஸில் ஒரு ஸ்ரீயும் வராகீஸ்வரர் கோயில் நோட்டீஸில் இன்னொரு ஸ்ரீயும் போட்டுவிட்டு, கோப்பைத் தேடித் தேடி ஒரு மத்தியானம் போனது. இருந்தாலும் யூனிகோடில் அடித்த எதையும் நான் இதுவரை இழந்ததில்லை. கோணல் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கிறதே, எனக்கு அது போதும்.

ஆணை வந்து 15 வருடம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் என் கடைக்கு அலுவலகங்களிலிருந்து பென் டிரைவில் வரும் கோப்புகளில் பழைய எழுத்துருக்கள் இருக்கின்றன. "இந்த ஃபான்ட் உங்ககிட்ட இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. இன்னும் சில இடங்களில் யூனிகோடில் அடித்த கடிதத்தையே பிரிண்ட் எடுத்து, முத்திரை குத்தி, ஸ்கேன் பண்ணிப் படமாக இணையத்தில் ஏற்றுகிறார்கள். அதில் ஒரு பெயரைத் தேட முடியாது. கண் தெரியாதவருக்குக் கணினி வாசித்துக் காட்டவும் முடியாது. யாரும் ஆணையை மீறவில்லை, ஆணை பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

இந்த இடத்தில் ஐரோப்பாவைக் கொஞ்சம் பார்க்கலாம். செல்போன் சார்ஜர் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 2009-ல் அங்கே 30 வகை சார்ஜர்கள் இருந்தன. ஐரோப்பிய ஆணையம் கேட்டுக்கொண்டதன் பேரில் நிறுவனங்கள் தாங்களாகவே ஓர் ஒப்பந்தம் போட்டன. முப்பது மூன்றாகக் குறைந்தது, அதற்கு மேல் இறங்கவில்லை. அந்த மூன்றை ஒன்றாக்க 2022-ல் சட்டம் போட வேண்டியிருந்தது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புது செல்போன்களுக்கு யூ.எஸ்.பி. சி கட்டாயம். நம் தமிழும் முதல் பாதியைக் கடந்துவிட்டது. தன்னார்வலர்களும் மாநாடுகளும் எத்தனையோ குறியீடுகளை ஒன்றிரண்டாகக் குறைத்தார்கள். மிச்சத்தை அன்பாகச் சொல்லித் தீர்க்க முடியாது.

எனக்கு அதைவிடப் பிடித்தது நெதர்லாந்தின் ஏற்பாடு. அங்கே அரசுக்கென்று திறந்த தரங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. 50,000 யூரோவுக்கு மேல் கணினி சம்பந்தமாக எதை வாங்கினாலும், அரசு அமைப்புகள் அந்தத் தரங்களைத்தான் கேட்க வேண்டும். கேட்கவில்லையா, ஏன் என்று ஆண்டறிக்கையில் எழுத வேண்டும். பின்பற்று, இல்லையேல் காரணம் சொல். யாரையும் சஸ்பெண்ட் செய்வதில்லை, எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். நம் ஊர் அலுவலகம் எதுவானாலும் காரணம் எழுதித் தருவதற்குப் பதில் ஃபான்ட்டை மாற்றிவிடும் என்பது என் அனுபவம்.

எல்லோரும் பார்க்கும்படி ஒரு பொதுத் தரம் வைப்பது நமக்கு அந்நியமில்லை. சோழர் காலக் கோயில்கள் சிலவற்றின் சுவரில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அளப்பவர் கொண்டுவந்த கோலின்மேல் சந்தேகம் வந்தால் எந்தக் குடியானவனும் சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முப்பது வருடம் பழைய தட்டச்சில் பழகிய விரல் இனி மாறாது என்று ஊழியர்கள் சொல்வார்கள். எனக்கும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய விரல்தான். விரலை மாற்றவே வேண்டாம். என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருளில் பழைய தட்டச்சு முறையிலேயே அடித்தாலும் உள்ளே யூனிகோடு விழும். தமிழ் இணையக் கல்விக்கழகம் யூனிகோடு எழுத்துருக்களை இலவசமாகவே தருகிறது. செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே அரசுக்கு என் கோரிக்கை இரண்டே. தட்டச்சு, அச்சு, மென்பொருள் என்று எந்த வேலையை வெளியில் கொடுத்தாலும், யூனிகோடில் தேடக்கூடிய கோப்பாக வந்தால்தான் பில் பாஸ் ஆகும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்க்க வேண்டும். வேறு எழுத்துருவில் கோப்பு வைத்திருக்கும் துறை ஏன் என்று வருடத்துக்கு ஒருமுறை எழுதி வெளியிட வேண்டும். என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு முதலில் கஷ்டமாக இருக்கும். பரவாயில்லை, பில்லுக்காக நாங்கள் எதையும் கற்றுக்கொள்வோம்.

படிக்கிற உங்களிடமும் ஒன்று. சங்கத் தீர்மானமோ சீட்டுக் கணக்கோ குலதெய்வக் கோயில் வரிப் பட்டியலோ எந்தக் கடையில் அடித்தாலும், பிரிண்டோடு கிளம்பிவிடாதீர்கள். கோப்பை யூனிகோடில் கேட்டு வாங்குங்கள். என் கடையில் அதற்குத் தனிக் காசு கிடையாது.