திமிலை நம்பிப் பணம் கொடுக்கலாமா? ‘அசல் நாட்டு மாடு’ சிக்கல்!

அச்சரப்பாக்கம்: “அசல் நாட்டு மாடுங்க. திமிலைப் பாருங்க, அலைதாடியைப் பாருங்க!” மாடு வாங்க வருகிறவரிடம் தரகர் எடுத்துவிடும் முதல் பேச்சு இதுதான். பல்லைப் பிடித்துப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். இனம் தெரியுமா?

அச்சரப்பாக்கம், மதுராந்தகம் வட்டாரத்தில் பால் ஊற்றும் வீடுகளில் நிற்பது பெரும்பாலும் ஜெர்சி கலப்பு. 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மாடுகள் சுமார் 95 லட்சம். அதில் பெரும்பகுதி கலப்பினமே. சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு பிரீசியன் என்று அரசே பிரித்துப் போட்ட சினை ஊசியின் பலன் அது. பால் பெருகியது, அதில் தப்பில்லை. நாட்டு மாட்டுப் பாலுக்குப் பட்டணத்தில் கூடுதல் விலை கிடைக்கிறது என்றதும், கலப்பையே அசல் என்று தலையில் கட்டுவதுதான் தப்பு.

அரைக்கால் ஜெர்சி!

நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டால் பிறக்கும் கிடேரியில் பாதி ஜெர்சி. அந்தக் கிடேரியை நாட்டுக் காளையோடு சேர்த்தால் அடுத்த கன்றில் சுமார் கால் பங்கு. அதற்கும் அடுத்ததில் அரைக்கால். இதற்குள் திமில் நன்றாகவே எழும்பிவிடும். கண்ணால் பார்த்துச் சொல்வது கால்நடை டாக்டருக்கே கஷ்டம்.

இன்னொரு கூத்தும் உண்டு. கலப்பு இல்லாத மாடெல்லாம் தனி இனம் ஆகிவிடாது. காங்கேயம், பர்கூர், உம்பளாச்சேரி, புலிக்குளம் ஆகியவை அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய நிறுவனத்தில் பதிவான இனங்கள். காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறக்கும். ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். பாட்டி, தாய், பேத்தி என்று எல்லாம் ஒரே அச்சு. அதுதான் இனம். ஏரிக்கரையில் மேயும் குட்டை மாட்டில் சீமை ரத்தம் ஒரு சொட்டும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அரசுக் கணக்கில் அது ‘வகைப்படுத்தப்படாதது’தான்!

இத்தனைக்கும் ஜெர்சி மாடே தன் ஊரில் சுத்த இனம். ஜெர்சி தீவில் வெளி மாடு நுழைய 1789-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். வெளி விந்தை அனுமதித்தது 2008-ல்தான். இங்கே அப்படிக் கதவை யார் மூடினார்கள்?

கோர்ட்டு வரை போன விவகாரம்

ஜல்லிக்கட்டில் நாட்டுக் காளை மட்டுமே இறங்கலாம், டாக்டர் சான்று வேண்டும், பொய்ச் சான்று கொடுத்தால் நடவடிக்கை என்று சென்னை ஐகோர்ட்டு 2021-ல் உத்தரவிட்டது. வாடிவாசலுக்கு இருக்கும் அந்தச் சான்றும் பால்மாடு வாங்குகிறவருக்குக் கிடைப்பதில்லை.

அவர் கேட்கக்கூடியது காதில் உள்ள மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணை. சினை ஊசி விவரம் பதிவாகியிருந்தால், அந்த எண்ணை வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். ஊசிக் குழாயிலேயே காளையின் எண்ணும் இனமும் அச்சாகியிருக்கும். தாய் மாட்டையும் காட்டச் சொல்லலாம். எதுவும் இல்லை, “என் வார்த்தையை நம்புங்க” என்றால், கறந்து பார்த்துக் கலப்பு மாட்டு விலைக்கே பேச்சை ஆரம்பிக்கலாம்.