மூன்று வருடம் சரியாகச் சொன்னவர்

ஒக்டோபர் வந்தாலே தொடங்கிவிடும். ஒரு ஆள், அவருக்குப் பின்னால் ஊதா நிற வரைபடம், "இந்த முறை ஒன்ராறியோவுக்கு வரலாறு காணாத ஸ்னோ!" என்று ஒரு வீடியோ. பின்னேரத்துக்குள் அது சித்தப்பாவின் வட்ஸ்அப்பில் இருந்து எங்கள் எல்லாருடைய போனுக்கும் வந்துவிடும். "சும்மா ஆள் இல்லை, மூன்று வருடம் சரியாகச் சொன்னவர்" என்பார் சித்தப்பா.

அந்த மூன்று வருடத்தைக் கணக்குப் பார்ப்போம். ஒரு குளிர்காலத்தை மூன்றாகப் பிரிக்கலாம்: ஸ்னோ வழமையைவிடக் கூட, வழமை, குறைவு. 100 பேர் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்றைத் தொட்டால், முதல் வருடம் ஏறக்குறைய 33 பேர் சரி. அடுத்த வருடமும் சரியாக வருபவர்கள் 11 பேர். மூன்றாவது வருடம் மூன்று நாலு பேர் மிஞ்சுவார்கள். அவர்களுக்கு வானிலை பற்றி ஒன்றுமே தெரியாது. ஆனாலும் அவர்களுடைய வீடியோதான் எங்களிடம் வரும். பிழைவிட்ட மற்றவர்களுடையதை யாரும் அனுப்புவதில்லை.

அந்த ஊதா வரைபடமும் அப்படித்தான். அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். கணினி மாதிரி ஒரு நாளைக்கு நாலு தரம் ஓடி, 16 நாள் வரை படம் காட்டும். கடைசி நாட்களின் படம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். காலையில் ரொறன்ரோவுக்கு 40 செ.மீ. ஸ்னோ காட்டும், மாலையில் அதே நாளுக்கு வெறும் மழை காட்டும். அதில் 40ஐ மட்டும் எடுத்துப் போடுவது முன்னறிவிப்பு இல்லை, ஆள் சேர்க்கும் வேலை.

"வானிலை நிலையமும்தான் பிழைவிடுகிறது" என்பீர்கள். உண்மைதான். எல் நீனோவும் லா நீனாவும் ஒரு குளிர்காலத்தை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்க்கும், அவ்வளவுதான். அதனால்தான் அவர்கள் இத்தனை வீத வாய்ப்பு என்று அடக்கமாகச் சொல்கிறார்கள். அடக்கமாகச் சொன்னால் யார் ஷேர் பண்ணுவார்கள்?

இதில் யாருக்கு என்ன நட்டம்? 2022 மே 21ஐ நினைத்துப் பாருங்கள். லோங் வீக்கென்ட் சனிக்கிழமை. டெரேச்சோ என்ற புயல்வரிசை தெற்கு ஒன்ராறியோவைத் தாண்டி கியூபெக் வரை போனது. குறைந்தது 10 பேர் இறந்தார்கள், பலர் மரம் விழுந்து. அந்த நாளை எந்தப் பருவகால ஆரூடத்தாலும் மாதக்கணக்கில் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. உதவக்கூடியது கடைசி நேரத்தில் போனில் அலறிய எச்சரிக்கை மட்டும்தான். ஆறு மாதமாக "வரலாறு காணாத" என்று கேட்டுச் சலித்த காது, அதையும் இன்னொரு கூச்சல் என்று தள்ளிவிட்டால்? என் கோபமெல்லாம் இதில்தான்.

ஆர்வலர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோகோராஸ் என்ற தொண்டர் வலையமைப்பில் கனடாவிலும் அமெரிக்காவிலும் சாதாரண ஆட்கள் தங்கள் வளவில் விழுந்த மழையையும் ஸ்னோவையும் அளந்து அனுப்புகிறார்கள். வானிலை ஆய்வாளர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு அடிமட்டம் செய்யும் வேலையை நூறு வீடியோ செய்யாது.

அடுத்த ஒக்டோபரில் அந்த வீடியோ வந்தால் சித்தப்பாவிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "போன வருடம் இவர் எத்தனை செ.மீ. என்று சொன்னவர்? எத்தனை விழுந்தது?" பதில் இல்லையென்றால் வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். மே மாதம் போன் அலறினால் மட்டும் கேள்வி கேட்காதீர்கள். முதலில் உள்ளே போங்கள்.